விசுவாசமும் ஒரு கிரியைதானே? நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரு கேள்வி

#1 தெளிதேன்

எல்லாருக்கும் வணக்கம். நேரே கேள்விக்கு வருகிறேன். தேவன் ஒரு மனுஷனைத் தமக்கு முன்பாக நீதிமானாக ஏற்பதைத்தான் நீதிமானாக்கப்படுதல் என்கிறோம்; கிரியை என்றால் நம் செயல்.

"கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினால்" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். வசனங்களும் மனப்பாடம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. விசுவாசிக்கிறது யார்? நான். விசுவாசிக்காவிட்டால்? நீதிமானாக்கப்பட மாட்டேன். அப்படியென்றால் நியாயப்பிரமாணத்தின் (மோசே வழியாக வந்த சட்டத்தின்) கட்டளைகளையெல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு கட்டளையை வைத்த மாதிரிதானே? எண்ணிக்கை குறைந்தது, முறை மாறவில்லை. ரோமர் 4:5 வேறு இப்படிச் சொல்கிறது: "அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்." நீதி இல்லாத இடத்தில் விசுவாசத்தை ஈடாக எடுத்துக்கொள்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

சண்டை போட வரவில்லை. "கேள்வி கேட்காதீர்கள், சும்மா விசுவாசியுங்கள்" என்ற பதிலை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

#2 மேய்ப்பர்_ஓய்வில்

தம்பி, நீங்கள் கேட்டது பழைய கேள்வி, நல்ல கேள்வியும்கூட. 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் சீர்திருத்த சபைகளின் மாநாடு கூடியபோது விசாரித்த பல விஷயங்களில் இதுவும் ஒன்று. டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் வழியில் வந்தவர்களுக்கு எதிராகக் கூடிய மாநாடு அது. கிறிஸ்துவின் மரணத்துக்குப் பிறகு தேவன் முழுக் கீழ்ப்படிதலைக் கேட்பதை விட்டுவிட்டு, விசுவாசத்தையும் அதன் குறையுள்ள கீழ்ப்படிதலையுமே முழு நீதியாக வைத்துக்கொள்கிறார் என்ற போதனையை அந்த மாநாடு தவறென்று எழுதி வைத்தது. நீங்கள் பயப்படுகிற அதே போதனைதான்.

அதற்கும் முன்னால், 1563இல் வந்த, சீர்திருத்த சபைகளின் போதனை நூலான ஹைடல்பெர்க் வினாவிடையில் 61ஆம் கேள்வியைப் பாருங்கள். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமான் என்று ஏன் சொல்கிறாய் என்பது கேள்வி. என் விசுவாசத்துக்கு ஏதோ தகுதி இருப்பதால் தேவன் என்னை ஏற்கிறார் என்பதற்காக அல்ல. கிறிஸ்துவின் பரிகாரமும் நீதியும் பரிசுத்தமும் மட்டுமே தேவனுக்கு முன்பாக என் நீதி, அதை விசுவாசத்தைத் தவிர வேறு எந்த வழியிலும் நான் பெற முடியாது என்பதற்காக. பதிலின் சாரம் இதுதான்.

அதாவது, விசுவாசத்தைக் கொண்டு நீதிமானாக்கப்படுகிறோம்; விசுவாசத்தின் நிமித்தம் அல்ல. பிச்சை வாங்குகிறவன் நீட்டுகிற கையைக் கூலி என்று யாரும் சொல்வதில்லை. ரோமர் 4:5-ஐ மட்டும் தனியாக எடுக்காமல் 4:4-ஓடு சேர்த்து வாசியுங்கள். கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கடன் என்று எண்ணப்படும் என்கிறார் பவுல். விசுவாசத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் இரண்டு வசனத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும்.

#3 சந்தேகி

நான் சபைக்குப் போகிறவன் அல்ல, ஆனால் இந்த மாதிரி வாதங்களைப் படிக்கப் பிடிக்கும். ஐயா, கை நீட்டுவதும் ஒரு செயல்தான். நீட்டியவனுக்குக் கிடைக்கிறது, நீட்டாதவனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அந்தக் கை மட்டுமே. அப்படியிருக்க அதை எப்படி ஒன்றுமில்லை என்று தள்ளுவது?

இன்னொன்று. நீதிமொழிகள் 17:15: "துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனுமாகிய இவ்விருவரும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள்." ரோமர் 4:5-இல் தேவனுக்குக் கொடுக்கப்படுகிற அடையாளமே "பாவியை நீதிமானாக்குகிறவர்". ஒரு நீதிபதி செய்தால் அருவருப்பு, கடவுள் செய்தால் கிருபையா? காகிதத்தில் மட்டும் "குற்றமற்றவன்" என்று எழுதிவிட்டு ஆளை அப்படியே விடுவது எனக்கு நீதியாகத் தெரியவில்லை.

#4 மேய்ப்பர்_ஓய்வில்

முதல் கேள்விக்குச் சுருக்கமாக: அந்தக் கையும் கொடுக்கப்பட்டதுதான். "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" (எபேசியர் 2:8). கிறிஸ்துவினிடத்தில் விசுவாசிக்கிறது "உங்களுக்கு அருளப்பட்டிருக்கிறது" என்று பிலிப்பியர் 1:29 இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது.

நீதிமொழிகள் பற்றி நாளை எழுதுகிறேன். அது ஒரு வரியில் முடிகிற காரியம் அல்ல.

#5 சந்தேகி

ஈவு என்றால், கொடுக்கப்படாதவன் கதி?

#6 நெறியாளர்

முன்குறித்தலுக்கு (யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானிப்பதற்கு) தனி இழை இருக்கிறது. போன வருஷம் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. அங்கே போகவும். இங்கே நீதிமானாக்கப்படுதல் மட்டும்.

#7 அருள்வழி

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒரு குரல். இந்தத் தலைப்பு வந்தாலே "கத்தோலிக்கர் செயல்களால் மீட்பைச் சம்பாதிக்கப் பார்க்கிறவர்கள்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இன்னும் யாரும் சொல்லவில்லை, அதனால் முந்திக்கொள்கிறேன்.

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று, தன் ஆறாவது அமர்வில், ஏற்புடைமை (நீங்கள் நீதிமானாக்கப்படுதல் என்பது) பற்றி 16 அதிகாரங்களும் 33 விதிகளும் வெளியிட்டது. அதன் முதல் விதி யாரைக் கண்டிக்கிறது தெரியுமா? கிறிஸ்து வழியாக வரும் இறையருள் இல்லாமல் சொந்தச் செயல்களால் ஒருவர் கடவுள்முன் ஏற்புடையவராகலாம் என்பவரை. எட்டாம் அதிகாரம் நம்பிக்கையை (உங்கள் சொல்லில் விசுவாசத்தை) மனித மீட்பின் தொடக்கம், அடித்தளம், வேர் என்கிறது. கூடவே, ஏற்புடைமைக்கு முன்னால் வருகிற எதுவும், அது நம்பிக்கையாக இருந்தாலும் சரி, செயலாக இருந்தாலும் சரி, அந்த அருளை ஈட்டித் தராது என்கிறது. தெளிதேன், உங்கள் முதல் பதிவின் கேள்விக்கு எங்கள் பதிலும் இதுதான். நம்பிக்கை விலை அல்ல.

பிரிவது வேறு இடத்தில். ஏற்புடைமை என்பது பாவமன்னிப்பு மட்டுமல்ல, உள்ளத்தின் புதுப்பித்தலும்கூட என்கிறது ஏழாம் அதிகாரம். நம்பிக்கையோடு எதிர்நோக்கும் அன்பும் உள்ளே பொழியப்படுகின்றன. அது வளரலாம். சாவான பாவத்தால் இழக்கப்படவும் கூடும். ஆகவே சந்தேகி எடுத்த நீதிமொழிகள் வசனம் எங்களை அவ்வளவு தைக்காது. கடவுள் ஒருவரை நேர்மையாளர் என்று சொல்லும்போதே அவரை நேர்மையாளராக ஆக்கவும் செய்கிறார். வெறும் காகிதத் தீர்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

#8 மேய்ப்பர்_ஓய்வில்

அருள்வழி சகோதரர் சொன்ன திரெந்து விவரங்கள் சரியானவை. நம் ஆட்கள் பலர் அதைப் படிக்காமலே பிரசங்கம் பண்ணுகிறார்கள், அது நியாயமில்லை.

இப்போது நீதிமொழிகள் 17:15. சந்தேகி, நீங்கள் தொட்டது பவுலுக்கே தெரிந்த பிரச்சினை. ரோமர் 3:26-ஐப் பாருங்கள். தேவன் "தாம் நீதியுள்ளவரும், இயேசுவினிடத்தில் விசுவாசமாயிருக்கிறவனை நீதிமானாக்குகிறவருமாய்" விளங்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில். குற்றத்தைக் கண்டும் காணாமல் விட்டால் முதலாவது போய்விடும், தண்டித்து முடித்தால் இரண்டாவது போய்விடும். சிலுவை எதற்கு என்று கேட்டால் ரோமர் 3-இன் பதில் இதுதான். லஞ்சம் வாங்கிக்கொண்டு குற்றவாளியை விடுகிற நீதிபதியை நீதிமொழிகள் கண்டிக்கிறது. இங்கே தீர்ப்பு நிறைவேறியிருக்கிறது, நீதிபதியே அதை ஏற்றிருக்கிறார்.

"ஒருவர் குற்றத்தை இன்னொருவர்மேல் போடுவது மட்டும் நீதியா?" என்று அடுத்து கேட்பீர்கள், தெரியும். அவர் முன்பின் தெரியாத மூன்றாம் ஆளாக இருந்தால் நிச்சயம் அநீதிதான். ஆனால் பவுல் எப்போதும் "கிறிஸ்துவுக்குள்" என்று பேசுகிறார். 2 கொரிந்தியர் 5:21-இல் நாம் தேவனுடைய நீதியாவதும் "அவருக்குள்"தான். சீர்திருத்தவாதி கால்வின் இதில் பிடிவாதக்காரர். கிறிஸ்து நமக்கு வெளியே நிற்கும்வரை அவர் செய்தது எதுவும் நமக்குப் பயன்படாது என்று சொல்லித்தான் தன் நூலில் இதைப் பேசும் பகுதியையே தொடங்குகிறார். அவரோடு இணைக்கப்படுகிறவனுக்கு மன்னிப்பும் புதிய வாழ்வும் ஒருசேர வருகின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. கிறிஸ்துவைத் துண்டு போட முடியாது. ஆகையால் "ஆளை அப்படியே விடுவது" என்பது எங்கள் போதனையும் அல்ல.

ஆனால் ஒரு இடத்தில் அருள்வழியோடு என்னால் சேர முடியவில்லை. தேவன் என்னை ஏற்பதற்கு ஆதாரம் எனக்குள் பொழியப்பட்ட நீதி என்றால், அது அவர் கொடுத்ததாகவே இருந்தாலும், நான் உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். போதுமான அளவு இருக்கிறதா, நேற்றைவிடக் குறைந்துவிட்டதா என்று. அருளைப் பெற்றுவிட்டேன் என்று விசுவாசத்தின் நிச்சயத்தோடு யாரும் அறிய முடியாது என்று திரெந்தின் ஒன்பதாம் அதிகாரமே சொல்கிறது. 1505இல் மடத்தில் சேர்ந்து, பிறகு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் தவித்தது இந்த இடத்தில்தான். ஒழுங்கான துறவியாக வாழ்ந்தும் மனச்சாட்சி ஆறவில்லை என்று அவரே பின்னாளில் எழுதினார்.

#9 மாலைநிலா

இவ்வளவு நாளாக வாசித்துவிட்டு மட்டும் போய்விடுவேன். மேலே ஐயா எழுதிய கடைசிப் பத்தியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

எனக்கும் உள்ளே எட்டிப் பார்க்கிற வியாதி உண்டு. ஆனால் நான் பார்ப்பது அன்பு இருக்கிறதா என்று அல்ல, விசுவாசம் இருக்கிறதா என்று. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்கிறார். என்னுடையது அதைவிட எந்த விதத்தில் மேல்? நான் விசுவாசிக்கிறேனா, விசுவாசிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேனா? கத்தோலிக்கருக்கு ஒரு பயம் என்றால் எங்களுக்கு இன்னொரு பயம். எந்தச் சபையாக இருந்தாலும் எட்டிப் பார்க்கிற ஆள் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார் போலிருக்கிறது.

#10 நுணுக்கன்

மாலைநிலா அக்காவின் கேள்விக்கு ஐயா பதில் சொல்வார் என்று நினைக்கிறேன். நான் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன். இதுவரை பேசிய எல்லாருமே, கத்தோலிக்கர் உட்பட, பவுலைப் பதினாறாம் நூற்றாண்டுக் கண்ணாடி வழியாக வாசிக்கிறீர்கள்.

கலாத்தியர் 2-ஐ எடுங்கள். பவுலின் கடிதங்களில் நீதிமானாக்கப்படுதல் பற்றிய வாதம் எங்கே வெடிக்கிறது? தனி மனிதனின் மனச்சாட்சியில் அல்ல, சாப்பாட்டுப் பந்தியில். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொள்கிறார். பர்னபாவும் இழுபடுகிறார். பவுல் எல்லார் முன்பாகவும் பேதுருவைக் கண்டிக்கிறார். அந்தச் சூட்டில்தான் 2:16 வருகிறது. கேள்வி "நான் எப்படி மன்னிக்கப்படுவேன்" என்பதைவிட "தேவனுடைய ஜனம் யார், யாரோடு யார் சாப்பிடலாம்" என்பதுதான்.

1977இல் புதிய ஏற்பாட்டு அறிஞர் ஈ. பி. சாண்டர்ஸ் அந்தக் கால யூத எழுத்துகளை அலசி, யூத மதம் புண்ணியக் கணக்கு மதம் அல்ல, தேர்ந்தெடுத்த கிருபையில் தொடங்கி உடன்படிக்கைக்குள் நிற்பதற்காகக் கட்டளையைக் கைக்கொள்கிற மதம் என்று காட்டினார். ஜேம்ஸ் டன் 1982இல் ஒருபடி மேலே போய், "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்று பவுல் முக்கியமாகக் குறிப்பது விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் ஆகிய, யூதரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் எல்லைக்கற்களை என்றார். சாக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானின் நான்காம் குகையிலிருந்து கிடைத்து 1994இல் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்ட ஒரு கடிதத்தில் இதே சொற்றொடர் வருகிறது. அதில் பேசப்படுவது பெரும்பாலும் தீட்டு, பலி பற்றிய விதிகள். முடிவில், இவற்றைக் கைக்கொண்டால் அது உனக்கு நீதியாக எண்ணப்படும் என்றும் இருக்கிறது. பவுல் யாரோடு வாதாடினார் என்று பார்க்க வேண்டுமானால் அதைப் பாருங்கள். லூத்தரின் துறவற மடத்தை அந்த இடத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

#11 தெளிதேன்

நுணுக்கன், பந்தி விஷயம் நான் யோசித்ததே இல்லை, நன்றி. ஆனால் ரோமர் 4:6-8 உங்கள் வாசிப்பில் எங்கே போய் உட்காரும்? ஆபிரகாமுக்கு அடுத்து பவுல் கொண்டுவருகிற சாட்சி தாவீது. தாவீது விருத்தசேதனம் உள்ளவர், ஓய்வுநாள் உள்ளவர், எல்லைக்கற்கள் எல்லாம் உள்ளவர். அவரைத்தான் "கிரியைகளில்லாமல்" நீதிமானாக எண்ணப்பட்டவனுடைய பாக்கியத்துக்குச் சாட்சியாக நிறுத்துகிறார். அவரிடம் குறைந்தது அடையாளம் அல்ல. அங்கே மேற்கோள் காட்டப்படுகிற 32ஆம் சங்கீதம் முழுக்கவே மன்னிப்பைப் பற்றியது.

#12 நுணுக்கன்

நல்ல அடி. டன்னும் பிற்பாடு எழுதியபோது எல்லைக்கற்கள் மட்டும்தான் என்று தான் சொல்லவில்லை என்று விளக்கினார். என்னைக் கேட்டால் ஜான் பார்க்ளே 2015இல் எடுத்த வழி இரண்டு பக்கத்தையும் சேர்க்கிறது. கிருபை உண்டு என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். தகுதியே பாராமல் கொடுக்கப்படுகிறது என்பதுதான் பவுலின் தனிக் குரல். தகுதி என்றால் ஒழுக்கத் தகுதியும் அதில் அடக்கம், இனத் தகுதியும் அடக்கம். அப்படி எடுத்தால் பந்தியும் தாவீதும் ஒரே வாதத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

#13 சந்தேகி

இரண்டாயிரம் வருஷமாகப் படித்தும் 2015இல்தான் புரிந்ததா என்று கேட்க வாய் வருகிறது. கேட்கவில்லை. யாக்கோபுக்கு வாருங்கள். "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்" (2:24). இதைவிட நேரான மறுப்பு வேறு வேண்டுமா?

#14 மேய்ப்பர்_ஓய்வில்

யாக்கோபைக் கண்டு நம் ஆட்கள் பயப்படத் தேவையில்லை. லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில், மற்ற நிருபங்களோடு வைத்துப் பார்த்தால் இது வைக்கோல் நிருபம் என்றார். பிற்பாடு வந்த முழு வேதாகமப் பதிப்புகளில் அந்த வரி இல்லை. அவர் அவசரப்பட்டார் என்பதுதான் என் எண்ணம்.

ஆபிரகாமின் வயதை வரிசையாகப் பாருங்கள், நிறைய தெளியும். ஆதியாகமம் 15:6-இல் அவன் விசுவாசிக்கிறான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அதற்குப் பிறகு, அவனுக்கு 86 வயதில் இஸ்மவேல் பிறக்கிறான். 99 வயதில் விருத்தசேதனம். 100 வயதில் ஈசாக்கு. அந்த ஈசாக்கு விறகு சுமக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகுதான் அவனைப் பலியிடப் போன மோரியா மலை, 22ஆம் அதிகாரம். பவுலின் வாதம் முழுக்க 15-க்கும் 17-க்கும் உள்ள இடைவெளியில் நிற்கிறது: நீதியாக எண்ணப்பட்டபோது விருத்தசேதனமே இல்லை, குறைந்தது 13 வருஷம் கழித்துத்தான் அது வந்தது. யாக்கோபு பேசுவது 22ஆம் அதிகாரத்தை. அவரும் 15:6-ஐ மறுக்கவில்லை, அது அங்கே "நிறைவேறிற்று" என்கிறார். என்றைக்கோ சொல்லப்பட்ட தீர்ப்பு மெய்தான் என்று மலைமேல் வெளியே தெரிந்தது.

இரண்டு பேரும் கண்டிக்கிற ஆளும் வேறு. பவுல் கண்டிப்பது, தேவனைத் தனக்குக் கடன்பட்டவராக ஆக்கப் பார்க்கிறவனை. யாக்கோபு கண்டிப்பது, வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள்" என்று வாயால் மட்டும் சொல்கிறவனை. பவுலே அவனைக் கண்டால் விட்டிருக்க மாட்டார். "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று கலாத்தியருக்கு எழுதியவர் அவர்தானே.

#15 அருள்வழி

ஒரு தகவல். திரெந்தும் யாக்கோபு 2:24-ஐப் பத்தாம் அதிகாரத்தில், ஏற்கெனவே ஏற்புடையவரானவர் அதில் வளர்வதைப் பற்றிச் சொல்லும்போதுதான் எடுத்தாள்கிறது. முதன்முதலாக ஒருவர் ஏற்புடையவராவதற்கு அந்த வசனத்தைப் பயன்படுத்தவில்லை. இந்த இடத்தில் நாம் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

ஆனால் ஐயா சொன்ன "வெளியே தெரிந்தது" என்ற விளக்கம் எனக்கு இறுக்கமாகவே படுகிறது. யாக்கோபு 2:14-இல் கேள்வி, அந்த நம்பிக்கை அவனை மீட்குமா என்பது. பிறர் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றிய கேள்வி அல்ல அது.

#16 சந்தேகி

சரி, எல்லாரும் அழகாகச் சேர்ந்துகொண்டிருக்கிறீர்கள். நடைமுறைக்கு வருவோம். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் குடியைக் கெடுத்தவன் கடைசி மணி நேரத்தில் விசுவாசித்தால் நீதிமான். நேர்மையாக வாழ்ந்து விசுவாசிக்காமல் செத்தவன் குற்றவாளி. இதை உங்களில் ஒருவராவது நெஞ்சைத் தொட்டு நீதி என்று சொல்வீர்களா?

#17 மாலைநிலா

நான் சொல்கிறேன். பாதியையாவது. சிலுவையில் தொங்கிய கள்ளன் தன் வாயாலேயே "நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம்" என்று ஒத்துக்கொண்டவன். "நான் செய்தது ஒன்றுமில்லை" என்று சொல்லி அவன் உள்ளே போகவில்லை. அவனுக்கு இடமில்லை என்றால் எனக்கும் இல்லை. மறுபாதிக்கு என்னிடம் பதில் கிடையாது. இருக்கிற மாதிரி நடிக்கவும் மாட்டேன்.

#18 மேய்ப்பர்_ஓய்வில்

சகோதரி சொன்னதற்கு மேல் அந்தக் கள்ளனைப் பற்றி நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

சந்தேகி, உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள்: "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே." இந்தக் கேள்வியே எழாத அளவுக்கு ஒருவர் பிரசங்கித்தால் அவர் பவுலைப் பிரசங்கிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதே சமயம் "கூடாதே"யைச் சொல்லாமல் நிறுத்துகிறவரும் பிரசங்கிக்கவில்லை. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் போதகர் போன்ஹோஃபர் 1937இல் மலிவான கிருபை என்று ஒன்றைச் சாடினார். அவர் லூத்தரன்தான், இந்தக் கோட்பாட்டை விட்டுவிட்டவர் அல்ல. பாவி நீதிமானாக்கப்படுவதை விட்டுவிட்டுப் பாவத்தையே நியாயமாக்கிவிட்டார்கள் என்பதுதான் தன் சபைமேல் அவர் வைத்த குற்றச்சாட்டு. மன்னிக்கப்பட்டவனால் கெடுக்கப்பட்ட குடிக்கு என்ன பதில் என்பதைச் சபை கேட்காமல் இருந்தால் நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். வரிவசூல்காரன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனை திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றது இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு. வந்த பிறகு நிற்காமலும் இல்லை.

இப்போது மாலைநிலா முன்பு கேட்டது. நான் நழுவவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா, இந்த விஷயத்தில் சீர்திருத்த சபைகளுக்குள்ளேயே இரண்டு சுருதி உண்டு. ஹைடல்பெர்க் வினாவிடையின் 21ஆம் கேள்வி, மெய்யான விசுவாசம் வெறும் அறிவு அல்ல, மற்றவர்களுக்கு மட்டுமல்ல எனக்கும் பாவமன்னிப்பு அருளப்பட்டது என்கிற உறுதியான நம்பிக்கையும்கூட என்கிறது. 1646இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையோ 18ஆம் அதிகாரத்தில், இரட்சிப்பின் நிச்சயம் விசுவாசத்தின் சாரத்தோடு அப்படி ஒட்டியதல்ல, மெய்யான விசுவாசி நெடுநாள் காத்திருந்தும் பல கஷ்டங்களோடு போராடியும்தான் அதை அடையலாம் என்கிறது. முதலாவதை மட்டும் கேட்டு வளர்கிறவர்கள், நிச்சயம் இல்லையென்றால் விசுவாசமும் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உங்களுக்கு இரண்டாவதையும் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பிசாசுகளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. "தேவன் ஒருவர்" என்று அவற்றுக்குத் தெரியும். "எனக்காக" என்று அவை சொல்வதில்லை, உதவி கேட்பதுமில்லை. மாற்கு 9-இல் அந்தத் தகப்பன் சொன்னதைப் பாருங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அவிசுவாசம் முழுசாக நீங்கியதா என்று இயேசு சோதித்துப் பார்க்கவில்லை, பையனைக் குணமாக்கினார். முன்குறித்தலை நினைத்துத் தவித்த லூத்தரிடம் அவருடைய மேலாளர் ஸ்டௌபிட்ஸ், கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்றாராம். உள்ளே பார்க்காதே என்று சும்மா அதட்டுவதில் பிரயோஜனமில்லை. பார்க்க வேறு இடம் காட்ட வேண்டும்.

#19 மாலைநிலா

நன்றி ஐயா. வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியைத் தேடி முழுக்கப் படிக்கிறேன். "நெடுநாள் காத்திருந்தும்" என்பது எனக்கு வேண்டியதாக இருந்தது.

#20 அருள்வழி

இன்னும் இரண்டு வருஷங்களை இழையில் பதிந்துவிட்டுப் போகிறேன்.

1541, ரேகன்ஸ்பர்க். கத்தோலிக்கத் தரப்பில் எக், க்ரோப்பர், ஃப்ளூக்; சீர்திருத்தத் தரப்பில் மெலாங்க்தன், பூட்சர், பிஸ்டோரியஸ். திருத்தந்தையின் தூதராகக் கர்தினால் கொந்தாரினி. நம்ப முடியாமல், ஏற்புடைமை பற்றிய ஐந்தாம் பிரிவில் ஒத்துப்போனார்கள். பேச்சு முறிந்தது நற்கருணையிலும் திருச்சபை அதிகாரத்திலும். ஒத்துப்போன பிரிவையும் உரோமையும் ஏற்கவில்லை, லூத்தரும் ஒட்டுப்போட்ட துணி என்று ஒதுக்கினார். ஆறு வருஷம் கழித்துத் திரெந்தின் ஆறாவது அமர்வு.

1999 அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க். கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொண்ட நம்பிக்கையில் கடவுள் நம்மை ஏற்கிறார், தூய ஆவியைப் பெறுகிறோம், அவர் நம்மைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பது அதன் 15ஆம் பத்தி. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் சேர்ந்தார்கள். ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட புரொட்டஸ்டண்ட் இறையியல் பேராசிரியர்கள் எதிர்த்தார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

#21 நுணுக்கன்

கீழைத் திருச்சபை பற்றி யாரும் சொல்லவில்லை. 1570களில் ட்யூபிங்கன் லூத்தரன்கள் தங்கள் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையைக் கிரேக்கத்தில் கான்ஸ்டான்டிநோபிள் பிதாப்பிதா இரண்டாம் எரேமியாவுக்கு அனுப்பினார்கள். அவர் பொறுமையாக மூன்று முறை பதில் எழுதினார். நம்பிக்கை மட்டும் என்பதை ஏற்கவில்லை. 1581இல் கடைசியாக, இனி கோட்பாடு பற்றி எழுத வேண்டாம், நட்புக்காக எழுதுவதானால் எழுதுங்கள் என்று முடித்துக்கொண்டார். இந்தத் தளத்தின் நெறியாளருக்குப் பிடித்தமான மனிதராக இருந்திருப்பார்.

ஐயாவிடம் என் கேள்வி ஒன்று பாக்கி. ரோமர் 2:13: "நியாயப்பிரமாணத்தின்படி செய்கிறவர்களே நீதிமான்களாக்கப்படுவார்கள்." வினை எதிர்காலத்தில் இருக்கிறது. கடைசி நாள் தீர்ப்பு, ஆவியானவரால் வாழ்ந்த முழு வாழ்க்கைக்கு இசைய இருக்கும், இன்று விசுவாசத்தில் கிடைப்பது அந்தத் தீர்ப்பின் முன்னறிவிப்பு என்கிறார் புதிய ஏற்பாட்டு அறிஞர் என். டி. ரைட். போதகர் ஜான் பைப்பர் 2007இல் ஒரு புத்தகமே எழுதி மறுத்தார். உங்கள் தரப்பு?

#22 மேய்ப்பர்_ஓய்வில்

அந்த வசனத்தைப் பவுல் ஒரு அளவுகோலாக வைக்கிறார், 3:20-இல் ஒருவனும் அதற்கு எட்டவில்லை என்று முடிக்கிறார் என்பதே என் வாசிப்பு. வேறு மாதிரி வாசிக்கிற நல்ல ஆட்களும் உண்டு, 2:14-இல் வருகிற புறஜாதியார் யார் என்பதைப் பொறுத்தது அது. கிரியைகளின்படி நியாயத்தீர்ப்பு உண்டு என்பதை நான் மறுக்கவே மாட்டேன், 2 கொரிந்தியர் 5:10 இருக்கிறதே. ஆனால் அங்கே கிரியைகள் சாட்சியாக வருகின்றன, ஆதாரமாக அல்ல. 1 கொரிந்தியர் 3:15-ஐ ரைட்டின் வாசகர்கள் மறந்துவிடக் கூடாது: "ஒருவன் கட்டினது வெந்துபோனால், அவன் நஷ்டமடைவான், அவனோ இரட்சிக்கப்படுவான், அதுவும் அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோலிருக்கும்."

#23 அருள்வழி

ஐயா, அந்த வசனத்தை எங்கள் முன்னால் தைரியமாக எடுத்துவிட்டீர்கள். உத்தரிக்கிற தலத்துக்கு (இறந்தவர் தூய்மையாக்கப்படும் நிலைக்கு) நாங்கள் முதலில் நீட்டுவதே அதுதான்.

#24 நெறியாளர்

உத்தரிக்கிற தலத்துக்குப் புது இழை திறந்திருக்கிறேன். அருள்வழி தொடங்கட்டும். சந்தேகி, அங்கேயும் வருவீர்கள் என்று தெரியும், மேற்கோள் காட்டும்போது அதிகார எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் போடவும்.